ஜன்னல் விளிம்பில் நாற்பத்தொரு ஜாடிகள்

ஆர்டிஸ் ரான்னிங்கின் பட்டறை ஜன்னலில் யாருடைய ஜாடி கலங்குகிறதோ, அவர் அடுத்த வசந்தத்தில் ஏரிப் பனி உடைவதைப் பார்க்க மாட்டார் என்று டோர்வல் ஏரிக்கரையில் ஒரு பேச்சு. பேச்சு என்றால் சரிபார்க்க வேண்டும். சரிபார்த்ததில் கிடைத்தது இதுதான்: நான்கு ஆண்டுகளில் கலங்கியவை ஆறு ஜாடிகள். சொந்தக்காரர்களில் மூன்று பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் அரிசோனாவுக்குக் குடிபோனார். அதையும் சாவோடு சேர்த்துக்கொள்ளலாம் என்பது காப்பிக்கடை மேவிஸின் கருத்து. மீதி இரண்டு பேர் கல்லுக்குண்டு மாதிரி நடமாடுகிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உயிரோடு இருப்பவர்களிடம் என்ன சுவாரசியம்?

ஜாடிக்குள் இருப்பது பேயும் இல்லை, பிசாசும் இல்லை. பெட்ரோல். வடக்கு மின்னசோட்டாவில் பம்ப்பில் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு சோளச் சாராயம். எத்தனால் என்று கௌரவமாகச் சொல்வார்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை எல்லாம் உறிஞ்சிக் குடிக்கும். குளிர் வந்ததும் வைத்துக்கொள்ள முடியாமல் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்க் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே தெளிவு, கீழே தண்ணீரும் சாராயமும். எஞ்சின் உறிஞ்சும் குழாயோ அடியில்தான் இருக்கிறது.

இருபத்திரண்டு வருடமாகப் படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கிறாள் ஆர்டிஸ். அதற்கு முன் வான்கோழி ஆலையில் கத்தி பிடித்தாள். இடது கைச் சுண்டுவிரல் இல்லை. ஒரு படகின் விசிறி எடுத்துக்கொண்டது. புருஷன் கேலன் தானாகவே போனான். இரண்டில் விரலுக்குத்தான் அதிகம் வருத்தப்பட்டதாக அவளே சொல்வாள். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் படகுகளைக் கொட்டகையில் ஏற்றும்போது டேங்க்கில் நீல மருந்தை ஊற்றுவாள். பெட்ரோல் கெடாமல், கார்புரேட்டர் துருப்பிடிக்காமல் காக்கும் மருந்து. வசந்தத்தில் எஞ்சின் கிளம்பாவிட்டால், "உன் மருந்துதான் கெடுத்தது" என்று வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருவார்கள். அதற்குச் சாட்சியாகத்தான் ஒவ்வொரு டேங்க்கின் அடியிலிருந்தும் ஊறுகாய் ஜாடியில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து, பெயர் ஒட்டி, ஏரியைப் பார்த்த ஜன்னலில் வைக்கத் தொடங்கினாள். இவ்வளவு பெட்ரோலைக் கண்ணாடியில் வைக்கலாமா என்று தீயணைப்புப் படைத் தலைவர் கேட்டிருக்கலாம். அவருடைய ஜாடி இரண்டாம் வரிசையில் மூன்றாவது.

செத்த மூவரும் கோடை முழுக்கப் படகைத் தொடாதவர்கள். ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்கு நுரையீரல், ஒருவருக்கு இதயம். படகு ஓடவில்லை, டேங்க் பாதி காலியாகக் கிடந்தது, பெட்ரோல் ஈரம் குடித்தது. ஆக, ஜாடி பொய் சொல்லவில்லை. பேச்சைப் பொய்யென்று காட்டப் போனவர்களுக்கு இந்த இடத்தில்தான் முதுகு சில்லிடும்.

இந்த அக்டோபரில், முதல் கடுங்குளிர் இறங்கிய காலையில், வெர்லின் ஸ்டோக்கியின் ஜாடி கலங்கியது. யாரோ உள்ளிருந்து மூச்சு விட்டது போல ஒரு வெண்மை. ஆர்டிஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லக் கீழே இறங்கி, அடியில் ஒரு விரல் அகலத்துக்குக் கோடு கட்டி நின்றது. பழுது பார்க்கக் கொடுத்திருந்த ரம்பத்தை வாங்க வந்திருந்த மேவிஸும் பார்த்தாள்.

"ஐயோ, வெர்லினா? நேத்துக்கூட என் கடையில ரெண்டு டோனட் தின்னானேடி!"

"மேவிஸ், வாயை மூடிக்கிட்டுப் போ."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்?" என்றாள் மேவிஸ். மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

சாயங்காலத்துக்குள் வெர்லின் வீட்டு வாசலுக்கு மூன்று ஹாட்டிஷ் வந்தன. உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கிச் சுட்ட அந்தத் தட்டு, இந்த ஊரில் துக்க வீட்டுக்குப் போகும் தட்டு. ஒருவன் வந்து நலம் விசாரித்துவிட்டு, மீன்பிடி குடிசையை யாருக்குக் கொடுப்பதாக உத்தேசம் என்று கேட்டான்.

நான்காம் நாள் ஆர்டிஸ் போய்ப் பார்த்தாள். வெர்லின் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். கையை மார்பின் மேல் கோத்து வைத்திருந்தான். பாலிஷ் போட்ட ஷூ கட்டிலடியில் ஜோடியாக நின்றது. வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஏரியில் புதிதாகக் கட்டும் பனி முனகுவது படுக்கையறை வரை கேட்டது.

"டேய், எழுந்திருடா. சாப்பிட்டியா?"

"சாவுச் சோத்தைச் செத்தவனே தின்னா நல்லாவா இருக்கும்?"

மேசையில், கிழமைக்கு ஒரு சிறு அறை வைத்த இதய மாத்திரை டப்பா. திங்கட்கிழமையிலிருந்து ஒரு அறையும் திறக்கப்படவில்லை.

"மாத்திரை?"

"எதுக்கு வீணா? டப்பாவுல இருக்கிறது யாருக்காவது உதவும்."

உதடு நீலம் பாரித்திருந்ததை ஆர்டிஸ் கவனித்தாள். நகமும்தான். இன்னும் ஒரு வாரம் இப்படிக் கிடந்தால் பேச்சு மெய்யாகிவிடும்.

"அது வெறும் பெட்ரோல்டா. தண்ணி இறங்கியிருக்கு. அவ்வளவுதான்."

"நீதானே மருந்து ஊத்தினே? அப்புறம் எப்படிக் கலங்குச்சு?"

எப்படி என்று அவளுக்குத் தெரியும். அவனுடைய டேங்க்கில் இருந்தது போன வசந்தத்துப் பெட்ரோல். அதை வடித்துக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றி, புதிதில்தான் மருந்து கலக்க வேண்டும். அன்று மழை; இன்னும் ஒன்பது படகு வரிசையில் நின்றன. பழசிலேயே ஊற்றிவிட்டாள்.

"இன்னொரு தடவை ஊத்திப் பாரு," என்றான் வெர்லின், கூரையைப் பார்த்தபடி. "தெளிஞ்சா எழுந்திருக்கிறேன்."

பிரிந்த பெட்ரோலை எந்த மருந்தும் சேர்த்து வைக்காது என்பது ஆர்டிஸுக்குத் தெரியும். வாடிக்கையாளர்களிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். இருந்தும் பட்டறைக்குப் போய் மருந்தை ஊற்றிக் குலுக்கினாள். ஜாடி பால் போல வெளுத்தது. காத்திருந்தாள். கோடு திரும்பி வந்தது. இன்னும் இரண்டு மூடி ஊற்றிக் குலுக்கினாள். அதே கோடு, மயிரிழை பிசகாமல் அதே இடத்தில். மூன்றாம் தடவை குலுக்கும்போது, யாரிடம் என்று தெரியாமல், "தயவுசெஞ்சு" என்று சொல்லிவிட்டாள். சொன்னது காதில் விழுந்ததும் ஜாடியைக் கீழே வைத்தாள்.

நாற்பத்தொரு ஜாடியில் ஒன்றுதான் எந்தக் குளிருக்கும் அசையாதது. பாஸ்டர் டூயன் லிண்ட்க்விஸ்ட்டுடையது. எத்தனால் கலக்காத பெட்ரோலைத் தவிர வேறெதையும் தன் படகுக்குப் போடாதவர். ஜாடியை நம்புவது பாவம் என்று இரண்டு ஞாயிறு பிரசங்கம் செய்தவரும் அவர்தான்.

ஆர்டிஸ் வெர்லினின் பெட்ரோலைக் கழிவு டப்பாவில் கொட்டினாள். ஜாடியைத் துடைத்தாள். பாஸ்டருடையதை அதில் ஊற்றி, இரண்டு சொட்டு நீல மருந்தும் விட்டாள்.

அவள் கொண்டுபோய்க் கொடுத்த ஜாடியை வெர்லின் வெளிச்சத்தில் பிடித்தான். சாய்த்தான். மூடியைத் திறந்து முகர்ந்தான்.

"என் பெட்ரோல் மாதிரி வாசனை இல்லையே?"

"மருந்து நெடிடா அது."

மூடியைத் திருகி மூடிவிட்டு அவளைப் பார்த்தான். அவளும் கண்ணை எடுக்கவில்லை.

"அந்த ஹாட்டிஷ்ல எதுலடி காளான் போடல?" என்றான்.

அன்றே மாத்திரை போட்டான். பத்து நாளில் காப்பிக்கடைக்கு வந்து, மீன்பிடி குடிசையைக் கேட்டவன் பக்கத்திலேயே உட்கார்ந்து டோனட் தின்றான். செத்தவனை எழுப்பும் மருந்து என்று பட்டறை வாசலில் கூட்டம் சேர்ந்தது. எழுப்பாது, கெடாமல் வைக்கத்தான் உதவும் என்று ஆர்டிஸ் சொன்னாள். "தொழில் ரகசியத்தை யாராவது சொல்வாங்களா?" என்று ஒருவருக்கொருவர் கண்ணடித்துக்கொண்டு போனார்கள்.

ஜன்னலில் பாஸ்டரின் பெயர் ஒட்டிய ஜாடி வெறுமையாக நின்றது. கலங்கினால் என்ன அர்த்தம் என்று ஊருக்குத் தெரியும். காலியானால்? அதற்கு யாரிடமும் விளக்கம் இல்லை. அடுத்த ஞாயிறு கோயிலில் உட்கார இடமில்லை. எல்லாரும் பிரசங்கத்தைக் கேட்காமல் பாஸ்டரின் முகத்தையே பார்த்தார்கள்.

திங்கட்கிழமை அவரே வந்தார்.

"ஆர்டிஸ், என் ஜாடி என்னம்மா ஆச்சு?"

"கடனா எடுத்தேன், பாஸ்டர். ஒரு உயிர் விஷயம்."

விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "நல்ல காரியம். இதையெல்லாம் நான் நம்புறவனும் இல்லை." கதவு வரை போனவர் நின்றார். "எப்ப நிரப்புவே?"

பாஸ்டரின் டேங்க்கில் மிச்சமிருந்ததை அவர் எப்போதோ வடித்து எடுத்துப் போய்விட்டார். எத்தனால் கலக்காத அந்தப் பெட்ரோல் விற்கும் ஒரே பம்ப் படகுத்துறையில் இருக்கிறது. மே மாதம் வரை பூட்டு. சாதாரண பெட்ரோலை ஊற்றலாம். அது குளிரில் கலங்கினாலும் கலங்கலாம். எதையும் நம்பாத ஆர்டிஸுக்கு அதை ஊற்றக் கை வரவில்லை.

"பனி உடைஞ்சதும் தர்றேன், பாஸ்டர்."

"அவசரமில்ல, அவசரமில்ல," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதுவரைக்கும் மூடியாவது போட்டு வையேன்."

மூடி போட்டிருக்கிறாள். காலையில் வெறும் ஜாடியின் உள்பக்கம், கலங்கியது போல, ஆவி படிந்திருக்கிறது. அவள் அதைத் திறந்து துடைப்பதில்லை. பாஸ்டருக்கு அரை ஜாடி பெட்ரோல் இன்னும் பாக்கி.