கோயிலைச் சுற்றிப் போகும் படகு

இலங்கை மலையகத்தின் மஸ்கெலியா நீர்த்தேக்கத்தில் பாய் கட்டிப் படகு ஓட்டும் ஒரே ஆள் அழகன். வயது ஐம்பத்தொன்று. கடலைப் பார்த்ததில்லை, நீச்சலும் தெரியாது. இந்த இரண்டு குறைகளும் அவர் தொழிலை ஒருநாளும் பாதித்ததில்லை. டவுனிலிருந்து அக்கரைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளுக்கு மாவு மூட்டை, காஸ் சிலிண்டர், எப்போதாவது ஒரு தையல் மெஷின் என்று தனியாளாக ஏற்றிப் போவார். பஸ் மலையைச் சுற்றிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் போகும். காற்று மனம் வைத்தால் அழகனுக்கு அரைமணி.

திடீரென்று, தண்ணீரில் சாமான் ஏற்ற அனுமதிப் பத்திரம் வேண்டும் என்று உத்தரவு வந்தது. பரீட்சை வைக்க வந்தவர் யாழ்ப்பாணத்து அதிகாரி பேரின்பநாயகம். குளிருக்கு ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தார். நேர்கோட்டில் போய், அக்கரையில் நட்ட சிவப்புக் கொடியைத் தொட்டு, ஐம்பது நிமிடத்துக்குள் திரும்ப வேண்டும். தவறினால் படகு கரையேற வேண்டியதுதான். அழகன் மறுபடி கவ்வாத்துக் கத்தியைத் தூக்கித் தேயிலைச் செடி வெட்டப் போக வேண்டியதுதான்.

"நீந்தத் தெரியுமோ?"

"தெரியாதுங்கய்யா. தெரிஞ்சா படகு எதுக்குங்க?"

அதிகாரி எதையோ எழுதிக்கொண்டார். மனைவி ஜீவராணி அரைநாள் லீவு போட்டு வந்திருந்தாள். கொழுந்து பறிக்கையில் அவளும் கூட்டாளிகளும் இடுப்பில் சுற்றிய பழைய படங்குத் துணிகளைச் சேர்த்துத் தைத்ததுதான் அந்தப் பாய்.

"பாத்துப் போங்க. நம்ம படங்கு கவர்மெண்டு பரீட்சைக்குப் போகுது. பெயிலாகிட்டு வந்தீங்கன்னா மலையில நான் தலைகாட்ட முடியாது."

காற்று நன்றாகவே பிடித்தது. சிக்கல் நடுவில்தான். அணை கட்டியபோது மூழ்கிப்போன பழைய டவுனின் கோயில், அதிகாரி வரைபடத்தில் கிழித்த கோட்டுக்கு நேர் கீழே இருந்தது. வறட்சியில் வெளியே தெரியும். இப்போது மழை பெய்து பத்தாள் ஆழத்தில் கிடந்தது. அக்கரைச் சவுக்கு மரமும் அதன் பின்னால் பாக்டரிப் புகைபோக்கியும் ஒரே கோட்டில் வந்தால், கோயில் படகுக்கு அடியில் என்று கணக்கு. சாமி தலைக்கு மேல் ஏறிப் போவதா? அழகன் எப்போதும் இடப்பக்கம் பெரிய வளைவாக ஒதுங்கித்தான் போவார். போக ஏழு நிமிடம் கூடுதல், வர ஏழு.

இன்றைக்கு ஒருநாள்தானே என்று நேராகவே விட்டார். அவர் அப்படியொன்றும் கெடுபிடியான பக்தர் அல்ல. வெள்ளிக்கிழமையும் மீன் சாப்பிடுகிறவர். சவுக்கு மரம் புகைபோக்கியை நெருங்கியது. கை சுக்கானைத் திருப்பிவிட்டது.

"சரி, போய்த் தொலையட்டும்," என்றார். யாரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

திரும்பிக் கரை சேர அறுபத்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

"நேரா எல்லே போகச் சொன்னனான்? போகேக்கையும் வளைவு, வரேக்கையும் வளைவு. வெறுந் தண்ணியில எதைக் கண்டு ஒதுங்கினனீங்கள்?"

அழகன் விஷயத்தைச் சொன்னார்.

"சாமியை அப்பவே புதுக் கோயிலுக்குக் கொண்டு போயிட்டினமெல்லே?"

"வீட்டுக்காரரு வீடு மாறிட்டாருன்னு கூரை மேல ஏறி நடக்கலாமுங்களா, ஐயா?"

"பெயிலாக்கிருங்கய்யா, புத்தி வரட்டும்," என்ற ஜீவராணி, முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

பேரின்பநாயகம் படிவத்தை மேலிருந்து கீழாகப் படித்தார். பின்னர் கீழிருந்து மேலாகப் படித்தார். 'வழியில் உள்ள தடைகள்' என்றொரு கட்டம் இருந்தது. அதில் 'கோயில்' என்று எழுதினார். தடைக்குப் பதினான்கு நிமிடம் கழித்தார்.

"ஐம்பது. மட்டுமட்டாப் பாஸ்."

வரைபடத்தில் தன் நேர்கோட்டை அழித்துவிட்டு, அழகன் விரல் காட்டிய இடத்தில் வளைவு போட்டு முத்திரை குத்தினார்.

அடுத்த வாரம் சுற்றுலா ஹோட்டல் ஒன்றின் எஞ்சின் படகுக்கும் அதே வரைபடம்தான் போனது. இப்போது வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு அதுவும் நட்டநடுத் தண்ணீரில் காரணமில்லாமல் இடப்பக்கம் ஒதுங்கிப் போகிறது. கீழே பாறை இருப்பதாக ஓட்டுநர் அவர்களுக்கு விளக்குகிறாராம்.