டைஃபூனுக்கு ஒரு மஞ்சள் முடிச்சு

போன புரட்டாசியில், தருமபுரியிலிருந்து காரிமங்கலம் போகும் டவுன் பஸ்ஸில் நடந்தது இது. பக்கத்து சீட் அக்கா மடியில் ஒரு மஞ்சள் துணியையும் ஒற்றைக் காசையும் வைத்துக்கொண்டு, முடிவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

“டைஃபூன்னா என்னா கண்ணு?”

இப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்று திரிகிற ஆள் நான். விடுவேனா? “நம்ம பக்கத்துக் கடல்ல வந்தா சைக்ளோன், அமெரிக்கா பக்கம் ஹரிக்கேன், ஜப்பான் பக்கம் டைஃபூன். கடலுக்குக் கடல் பேருதாங்க்கா வேற. எல்லாம் புயல்தான்.”

அவர் முகம் மாறியது. அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். மகளுக்கு ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ‘டைஃபூன் வருதும்மா, போன் கிடைக்காட்டி பதறாத’ என்று முந்தின நாள் சொன்னவளின் போன் காலையிலிருந்து கிடைக்கவே இல்லை. தீர்த்தமலை சாமிக்கு வேண்டிக் காசு முடிய வேண்டும். இன்னதிலிருந்து காப்பாற்று என்று வாய்விட்டுச் சொல்லித்தான் அவர்கள் வீட்டில் முடிவார்களாம்.

“இன்னதுன்னே தெரியாத ஒண்ண சாமிகிட்ட என்னான்னு சொல்றது? புது வியாதி ஏதோன்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருந்தேன்.”

பிறகு, “புயல்ல இருந்து எம் பொண்ணக் காப்பாத்து சாமி” என்று சொல்லி, துணியை இறுக்கி முடிந்தார்.

முன்சீட்டுக்காரர் ஒருவர் திரும்பி, “தீர்த்தமலையான் ஜப்பான் வரைக்கும் போவாருங்களா?” என்று சிரித்தார்.

“எம்மவ போயிருக்கா, அவரு போவ மாட்டாரா?”

இறங்கும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டார். எனக்கு ராத்திரியெல்லாம் அந்தப் பெண்ணின் நினைப்புதான். மறுநாள் சாயங்காலம் போன் வந்தது.

“பேசிட்டா கண்ணு! கரண்ட் இல்லாம போன் செத்துக் கெடந்துச்சாம். புயலுன்னு சொல்லித் தொலச்சிருக்கலாமில்லடின்னு நல்லாத் திட்டுனேன். என்னா சொல்றா தெரியுமா? ‘புயல்னா நீ பயந்துக்குவ, அதான் டைஃபூன்னு சொன்னேன்’கிறா!”



அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்குத் தெரியும். ஒரு மகள் அதை எதற்கெல்லாம் பயன்படுத்துவாள் என்பது அன்றுதான் தெரிந்தது. நானும் ஓசூர் ஹாஸ்டலிலிருந்து ‘லேசா இன்ஃபெக்‌ஷன்மா’ என்று சமாளித்துக்கொண்டிருந்தவள்தான். இப்போதெல்லாம் உடம்புக்கு என்ன என்பதைத் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்; அம்மா பயந்தாலும் பரவாயில்லை, எதற்காக முடிச்சுப் போடுகிறோம் என்றாவது அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.