கேசட்டில் போன கார் சத்தம்

கல்யாணமான மறு வருஷம் என் கணவர் சம்பாதிக்கத் துபாய்க்கு சபர் போனார். என்னிடம் விட்டுப் போனது அவருடைய பழைய அம்பாசிடர் கார்தான். "வாரம் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணு, இல்லாட்டி கார்புரேட்டர் அடைச்சிக்கும்" என்று வாசலில் நின்று சொன்னதும் அதைப் பற்றித்தான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எங்கள் ஊர் குடவாசலில் புதுசு புதுசாகக் குட்டிக் கார்கள் வந்துகொண்டிருந்தன. இந்தத் தகரத்தை யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்று அவரைப் பெற்ற மாமியும் சொல்லிப் பார்த்தார்.

அப்போது எங்கள் தெருவில் கடிதத்துக்குப் பதில் கேசட்தான். அங்கே இருப்பவர்கள் பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்புவார்கள். வந்ததை வீடே கூடி உட்கார்ந்து கேட்கும். மாமிக்கு ஸலாம், நாத்தனார் பிள்ளைகளுக்குப் புத்திமதி, எல்லாம் முடிந்து கடைசியில் எனக்கு: "கார்புரேட்டர் எப்படி இருக்கு?" அந்த இடம் வந்ததும் ஆளாளுக்கு எழுந்து போய்விடுவார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன்.

நானும் டேப்பை பானட் பக்கத்தில் வைத்து எஞ்சின் சத்தத்தைப் பதிந்து அனுப்புவேன். காக்கா கத்தினால்கூட விரட்டுவேன். ஒருமுறை வண்டி கரும்புகை கக்கியது. அதையும் பதிந்து அனுப்பினேன். பதில் வந்தது: "பெட்ரோல் வர்ற ஜெட்ட ஊக்கால குத்துனியா? ஓட்ட பெருசாயிடுச்சு. புதுசு வாங்கி மாத்து. இனிமே பெட்ரோல்ல கழுவி, சைக்கிள் பம்பால ஊது."

அடைப்பெடுக்கக் குத்தியது நிஜம்தான். கடல் தாண்டி அதெல்லாம் காதில் விழுகிறது, நான் இங்கே ஏங்கிக் கிடப்பது மட்டும் விழவில்லையா என்று அன்று அழுதேன்.

ஜெட்டை மாற்றி, கார்புரேட்டரில் மிதவை இருக்கும் கிண்ணத்தில் படிந்திருந்த கசடை வழித்து, பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். எஞ்சின் திணறாமல் ஓடியது. அதைப் பதிந்து அனுப்பிவிட்டு, பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.

அடுத்த கேசட்டிலும் கார் பேச்சு வந்தது, எல்லோரும் எழுந்து போனார்கள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இப்ப எல்லாரும் போயிருப்பாங்க. எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. அடுத்த தடவ அத ஆஃப் பண்ணிட்டு நீ பேசு."

மறுநாள் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு டேப்பை அழுத்தினேன். "வந்துடுங்க" என்று மட்டும் சொன்னேன். மீதி டேப் சும்மாவே ஓடியது. அப்படியே கொடுத்தனுப்பினேன்.