பன்னிரண்டு தார் பீப்பாயும் ஒரு பஸ் பட்டையும்

எது கையில் கிடைத்தாலும் உடைந்த கண்ணாடித் துண்டின் மேல் ஒரு கீறு கீறிப் பார்ப்பது அந்த நாளில் எனக்கு ஒரு வியாதி. ஆணி, சாவி, மாட்டு லாடம், ஒருமுறை பள்ளிக்கூட மணியின் நாக்கு. கண்ணாடியைக் கீறினால் உசத்தி, கீறாவிட்டால் மட்டம். பள்ளி இறுதி வகுப்பின் பௌதிகப் புத்தகத்தில் படித்தது. அந்தப் பக்கத்தில் பாதிதான் படித்திருந்தேன். வண்டியெல்லாம் அங்கேதான் குடை சாய்ந்தது.

அது இரண்டாவது உலகச் சண்டைக் காலம். பரீட்சை தேறினேனே தவிர உத்தியோகம் எதுவும் என்னைத் தேடி வரவில்லை. கூடப் படித்தவன் ஒருவனும் நானும் செஞ்சி கடைத்தெருவில் ஒரு கொட்டகையைப் பிடித்து, காலி மண்ணெண்ணெய் டின்களை வெட்டிச் சிமினி விளக்கும் புனலும் செய்தோம். அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற கூட்டம் போகிற போக்கில் வாங்கிக்கொண்டு போகும். டின் தகரம் மெல்லிசு. கைக்கத்தரியே போதும்.

அப்போதுதான் என் கூட்டாளிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவன் வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். அவர்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லலாம் என்று. பெண்ணின் நைனா ஒரு தடையைக் கையிலேயே வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுக் கூரை முந்தின கோடையில் பாதி எரிந்து போயிருந்தது.

"என் பொண்ணு வைக்கோலுக்குக் கீழ படுக்காது. மூணாவது ஓலைக்குள்ள தகரம் ஏறணும். இல்லன்னா சாமியார்கிட்ட நானே எழுந்து சொல்லிடுவேன்" என்றார்.

அதைத் தாண்டினால் ஆகமன காலம் வந்துவிடும். கிறிஸ்மஸ் முடிகிறவரை அவர்களுக்குக் கல்யாணமே கிடையாது. ஓட்டு வீட்டுக்காரன் ஒருவன் வேறு பெண்ணைக் கேட்டுவிட்டுப் போயிருந்தான். கூட்டாளிக்குச் சோறு இறங்கவில்லை.

சண்டையில் புதுத் தகரம் கண்ணால் பார்க்கவும் கிடையாது. ரோட்டுக் காண்டிராக்டரிடம் பன்னிரண்டு காலித் தார் பீப்பாய்களைப் பிடித்தோம். வாயும் அடியும் வெட்டி, விலாவைப் பிளந்து, தட்டி விரித்தால் கூரைக்குப் பலகை பலகையாகத் தகடு கிடைக்கும். உளியால் வெட்டிப் பார்த்தோம். ஒரு பீப்பாய்க்கு ஒன்றரை நாள். விளிம்பெல்லாம் அப்பளம்.

"பெரிய பாக்குவெட்டி ஒண்ணு செய்வோம்டா" என்றேன்.

அப்படியே ஒரு படம் போட்டேன். கீழ் வாய் புளியங்கட்டையில் பதிந்திருக்கும். மேல் வாய்க்கு ஆள் நீளத்தில் கைப்பிடி. அமுக்கினால் தகடு பாக்கு மாதிரி நறுக்கென்று விழ வேண்டும். படம் பிரமாதம். வாய்க்கு எந்த இரும்பு என்பதுதான் கேள்வி.

கூட்டாளியின் வருங்கால மாமனார் முந்திக்கொண்டார். கிணறு வெட்டியபோது கிடைத்த ஒரு நீளக் கம்பி அவர் வீட்டில் இருந்தது. கோட்டை இரும்பு. மலைமேல் பீரங்கி எத்தனை மழை குடித்தும் உளுத்துப் போகாமல் கிடப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ராஜா காலத்து இரும்பு எதையும் வெட்டும் என்பதில் செஞ்சியில் இரண்டு கட்சி கிடையாது. என் கண்ணாடியை அது கீறவில்லை. ஆனாலும் வாயைத் திறக்காமல் கொல்லாசாரியிடம் கொண்டுபோனேன். மாமனார் இரும்பாயிற்றே!

அதில் அடித்த கத்தி முதல் பீப்பாயில் ஒரு சாண் வெட்டியது. அப்புறம் கத்தியின் முனை வாழைமட்டை மாதிரி மடங்கியது. இரண்டு வாய்க்கும் நடுவில் தகடு சிக்கிக்கொண்டு வெளியே வர மாட்டேன் என்றது.

"ராஜா தோத்த காரணம் இப்பதான்டா புரியுது" என்றான் கூட்டாளி. அன்றைக்குத்தான் முதல் ஓலை வாசித்திருந்தார்கள்.

இப்போது என் முறை. கெட்டியிலும் கெட்டி எது? அரம்! கண்ணாடியில் அது போட்ட கோடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தேய்ந்துபோன பெரிய அரங்கள் இரண்டைத் தேடிப் பிடித்து ஆசாரியிடம் நீட்டினேன்.

"காய்ச்சிக் கொஞ்சம் பதம் எறக்கிடட்டுமா தம்பி?"

"நெருப்பே காட்டாதீங்க. கெட்டி போயிடும். சாணையில தேய்ச்சுக் குடுங்க, போதும்."

"அரம் கீழ வுழுந்தாலே ஒடையுற ஜாதி. அப்பால என் தலையில கட்டாத."

"கண்ணாடியவே கீறுது ஆசாரி. அது எப்படி ஒடையும்?"

"கண்ணாடி கூடத்தான் எல்லாத்தையும் கீறும்" என்றார் அவர். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

முதல் பீப்பாய் வெண்ணெய்! கூட்டாளி கைப்பிடியை விட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டான். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் தகடு இரட்டையாக மடிந்த விலா வந்தது. முழுப் பலத்தோடு அமுக்கினேன். டப் என்று ஒரு சத்தம். கத்தியிலிருந்து நகத்தளவு துண்டு தெறித்துக் கொட்டகைக் கூரையில் குத்தி நின்றது. வாயில் ஒரு பல் போன பள்ளம். தகட்டிலோ நாய் கடித்த மாதிரி ஒரு கிழிசல். இன்னொரு அமுக்கில் மேல் வாய் இரண்டாகவே போயிற்று.

கூட்டாளி உட்கார்ந்துவிட்டான். "ஓட்டு வீட்டுக்காரனுக்கு நீயே பத்திரிகை எழுதிக் குடுத்துடு. எழுத்து நல்லா இருக்கும்."

இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று. இனி ஒரே வாரம். வேறு அரம் வாங்கத் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினேன். ஆமாம், இன்னும் அரம்தான் என் மண்டையில்! பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடுகிற பஸ். பாதி வழியில் பின்பக்கம் ஒரு மொத்து மொத்தி நின்றது.

"ஸ்பிரிங் பட்டை பூட்ச்சி. அல்லாரும் எறங்குங்க" என்றார் டிரைவர்.

நான் இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் தலையை நுழைத்தேன். அடுக்கடுக்காகப் பட்டைகள். ஒன்றுதான் முறிந்திருந்தது.

"இது எத்தனை நாளா ஓடுதுண்ணே?"

"நான் வண்டி ஏறினதுலேர்ந்து ஓடுது."

இத்தனை ஆளையும் கடலை மூட்டையையும் தாங்கிக்கொண்டு, நம் ரோட்டுப் பள்ளத்திலெல்லாம் வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து! எனக்குப் பொறி தட்டியது. நம் கத்தி படுகிற பாடும் அதுதானே? வெட்டவும் வேண்டும், விலாவில் இடிபட்டால் தாங்கவும் வேண்டும். புத்தகத்தின் மீதிப் பாதி ரோட்டோரத்தில் கிடந்தது.

"ஒடஞ்ச பட்டைய எனக்குக் குடுங்கண்ணே."

"இன்னாத்துக்கு?"

"ஒரு கல்யாணத்துக்கு."

டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எட்துனு போ. பொண்ணு நல்லா இருக்கட்டும்."

திண்டிவனம் போகவே இல்லை. பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு செஞ்சிக்கு நடந்தேன். ஆசாரி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இப்பவாச்சும் நெருப்பு காட்டலாமா, இல்ல சாணைதானா?" என்றார்.

"உங்க இஷ்டம் ஆசாரி."

"அப்பா! மழ வரும்போல."

காய்ச்சி அடித்து, எண்ணெயில் தோய்த்து, மினுக்கி, மறுபடி இளஞ்சூட்டில் காட்டினார். பளபளப்பின் மேல் வைக்கோல் நிறம் வந்தது. கெட்டி இறங்கிவிடுமென்று நான் "எடுங்க!" என்று கத்தினேன். அவர் எடுக்கவில்லை. சங்குப்பூ நிறம் படர்ந்த பிறகே எடுத்தார். என் கண்ணாடியில் அது பட்டும் படாமலும் ஒரு கோடு போட்டது. கையிலிருந்த கண்ணாடியை அப்போதே குப்பையில் போட்டேன்.

மாமனாரின் கம்பியில் கத்திக்கு வெட்டியது போக மீதியை என்ன செய்வது? கைப்பிடி என்னவோ ஆட்டம் கண்டிருந்தது. கம்பியை நிமிர்த்திக் கைப்பிடியாக்கினோம். எத்தனை தொங்கினாலும் முறியாத இரும்புக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மீதிப் பீப்பாய்கள் மூன்று நாளில் தீர்ந்தன. விலா வந்தபோதெல்லாம் கூட்டாளி கண்ணை மூடிக்கொண்டான். கத்தி பாட்டுக்கு நறுக் நறுக்கென்று போயிற்று.

சனிக்கிழமை காலையில் தகரம் ஏறியது. மாமனார் வந்து கூரையைப் பார்க்காமல் நேரே பாக்குவெட்டியிடம் போனார்.

"வெட்னது நம்ம இரும்புதான?"

கூட்டாளி என் காலை மிதித்தான். எனக்கோ பொய் வாயில் வராது.

"உங்க இரும்பு இல்லன்னா இது ஒரு இஞ்சு எறங்காது மாமா" என்றேன். அட்சரம் பிசகாத உண்மை.

கைப்பிடியைத் தடவினார். பிறகு குனிந்து வாயையும் பார்த்தார். "இது யாருது?"

"பஸ்ஸுது மாமா."

"பஸ்ஸுது!" என்றார். அப்புறம் ஏணியைக் கொண்டுவரச் சொல்லி, அவரே ஏறி, ஒரு குடம் தண்ணீரைக் கூரைமேல் கவிழ்த்தார். உள்ளே நாங்கள் அண்ணாந்து நின்றோம். ஒரே ஒரு இடத்தில் சொட்டியது. அரம் உடைந்தபோது கிழிந்த தகடு. தகடு வீணாகக் கூடாதென்று தார் பூசி, கூடத்தின் ஓரத்தில் ஏற்றியிருந்தோம்.

"அது யாரு வேலை?" என்று மேலேயிருந்து குரல்.

"இவன்தான் மாமா" என்று கூட்டாளி ஒரு நொடியும் தாமதிக்காமல் கையைக் காட்டினான்.

மறுநாள் மூன்றாவது ஓலையை வாசித்தார்கள். பூசையில் மாமனார் எழுந்திருக்கவில்லை.

கல்யாணத்தன்று நல்ல மழை. பந்தல் ஒழுகியதால் சாப்பாட்டை வீட்டுக்குள்ளேயே போட்டார்கள். மாமனார் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கூடத்தின் ஓரமாக ஓர் இலைக்கு முன்னால் உட்கார வைத்தார். என்ன மரியாதை என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். குழம்பு ஊற்றுவதற்குள் ஒரு சொட்டு உச்சந்தலையில் விழுந்தது.

"சாப்புடு தம்பி, சாப்புடு" என்றார் அவர். "ஒனக்குன்னே வச்ச எடம் அது."