வகுப்பு மட்டும் இடம் மாறியது

சுதந்திரம் வந்த மறு வருடம், கோடை விடுமுறை முடிந்து, பட்டப் படிப்புக்கு முந்தைய இன்டர்மீடியட் இரண்டாம் ஆண்டுக்காக ராயபுரத்திலிருந்த எங்கள் கல்லூரிக்குப் போனேன். வாசலில் ஒரு மாட்டுவண்டி. அதில் ரசாயனக் கூடத்து மேசைகளைக் கவிழ்த்து அடுக்கியிருந்தார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவரின் மகளும் வகுப்பில் என்னைத் தவிர ஒரே பெண்ணுமான என் தோழி, எனக்கு முன்பே வந்து வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"மேசையெல்லாம் எங்க எத்துகினு போற?"

"உனுக்குத் தெரியாதாம்மா? காலேஜை மூடிட்டாங்க. இனிமே இது சரக்குக் கிடங்கு."

நான் நம்பவில்லை. விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். ரசாயன ஆசிரியர் வெளியே வந்தார். 

"படிப்பு நிக்காதும்மா. பல்கலைக்கழகம் நம்ம வகுப்பை அப்படியே வேற காலேஜுக்கு மாத்திடுச்சு. எனக்கும் அங்கதான் வேலை" என்றவர், கொஞ்சம் தயங்கினார். "ஆனா அது ஆண்கள் கல்லூரி. உங்க ரெண்டு பேரையும் சேத்துக்க மாட்டாங்களாம்."

 மேசையும் அமிலப் புட்டிகளும் கூட அந்தக் கல்லூரிக்குப் போகின்றன. ஒரு வருடம் முழுக்க அவற்றின் முன் நின்று படித்த நாங்கள் போகக் கூடாது.

"இன்னா சார் இது? பாதிப் படிப்போட வூட்டாண்ட குந்திகினு இன்னா பண்றது?" என்றாள் தோழி. 

மறுநாள் ஆசிரியர் எங்களை டிராமில் அந்தக் கல்லூரிக்கு அழைத்துப் போனார். முதல்வர் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"பெண்களுக்கு இங்கே தனி அறை கிடையாது."

"அறை வேணாம் சார். மரத்தடியில சோறு துன்னுக்கறோம்" என்றாள் தோழி.

முதல்வர் முடியாது என்று தலையை ஆட்டினார். அப்போதுதான் எங்கள் ஆசிரியர், குரலை உயர்த்தாமல், "இவங்க வரலேன்னா நானும் வரலை சார்" என்றார்.

நாங்கள் இருவரும் திகைத்துப்போய் அவரைப் பார்த்தோம். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கும் மனிதர். வேறு வேலை எதுவும் அவர் கையில் இல்லை. ரசாயனம் நடத்த வேறு ஆள் இல்லாத முதல்வர், பேனாவை மூடி வைத்துவிட்டு, "திங்கட்கிழமை வரச் சொல்லுங்கள்" என்றார்.

ஆசிரியரின் மேசையை ஒட்டிப் போட்ட இரண்டு நாற்காலிகளில், முதுகுக்குப் பின்னால் வகுப்பு முழுவதும் இருக்க, அந்த வருடம் படித்தோம். இருவரும் தேறினோம். தோழி பி.எஸ்ஸி. சேர்ந்தாள். எனக்கு, வண்ணாரப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருந்த அப்பா, பரீட்சை முடிந்த அடுத்த மாதமே கல்யாணம் நிச்சயம் செய்துவிட்டார்.