ஒரு காலைக்கு மட்டும் டாக்டர்

அந்த வெள்ளைக் கோட்டுகள், நாடகத்துக்கு உடை வாடகைக்கு விடும் கடையிலிருந்து வந்தவை. ஒன்றின் காலரில் யாரோ பூசிய முகப்பவுடர் இன்னும் ஒட்டியிருந்தது. பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில், மனநல மையம் என்று பலகை மாட்டிய எங்கள் அலுவலகத்தில், டைரக்டர் அவற்றைத் தன் கையாலேயே பிரித்து ஆளுக்கொன்றாக மாட்டிவிட்டார். அதற்கு முன் அவர் ஜிம்முக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அங்கே கற்ற வித்தையோடு நேராக மனநோய்க்கு வந்துவிட்டார். அந்த மனிதரை நினைத்தால் இன்றும் எனக்கு வாயெல்லாம் கசக்கிறது.

மனநல சிகிச்சையை ஒரே ஆள் செய்ய முடியாது என்பதுதான் எங்கள் படிப்பின் முதல் பாடம். நோயைக் கண்டறிந்து மருந்து எழுத ஒரு மனநல மருத்துவர் வேண்டும். நோயாளியோடு பொறுமையாகப் பேசி அவர் மனப்போக்கை அறிய ஓர் உளவியலாளர், மருந்தையும் தூக்கத்தையும் கூடவே இருந்து கவனிக்க நர்ஸ், வீட்டு நிலைமையையும் வேலை நிலைமையையும் விசாரித்துச் சரிசெய்ய என்னைப் போன்ற சமூகப் பணியாளர். இதைச் சொன்னபோதெல்லாம் டைரக்டர் சிரிப்பார். "எல்லாரும் பேசத்தானே போறீங்க மேடம், அதுக்கு எதுக்கு நாலு ஆளு?" என்பார். பலகையில் பெயர் இருந்த மருத்துவர் ஒருநாளும் எங்கள் படியேறியதில்லை. தன் பட்டத்தை மட்டும் வாடகைக்கு விட்டிருந்தார். உளவியலாளர் சம்பளம் வராமல் நின்றுவிட்டார். நர்ஸ் என்று ஒருவரை டைரக்டர் தேடவே இல்லை. மனநலம் படித்தவள் என்று அங்கே இருந்தது, வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்த நான் ஒருத்திதான்.

பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்று தன் ஊழியர்களை எங்களிடம் அனுப்ப யோசித்துக்கொண்டிருந்தது. ஒப்பந்தத்துக்கு முன் எங்கள் குழுவை நேரில் பார்க்க அதன் எச்.ஆர். மேனேஜர் வருவதாக இருந்தது. அதற்குத்தான் கோட்டுகள். ரிசப்ஷனில் இருந்த பெண் உளவியலாளர் ஆனாள். டைரக்டரின் மைத்துனி நர்ஸ் ஆனாள். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகும் எங்கள் அக்கவுண்டன்ட், தலை நரைத்திருந்த ஒரே தகுதியால், மனநல மருத்துவர் ஆனார். வேண்டாம் சார் என்று அவர் கெஞ்சினார். "வாயத் தொறக்காதீங்க, போதும். பெரிய டாக்டருங்க தலையத்தான் ஆட்டுவாங்க" என்று அவர் தோளைத் தட்டினார் டைரக்டர். வருகிறவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன். ஆனால் வந்தவரை விட்டு டைரக்டர் ஓர் அடிகூட நகரவில்லை.

மேனேஜர் நம் பக்கத்துக்காரர், தமிழ் பேசுகிறவர். டைரக்டர் காட்டியதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தவர், டாக்டரிடம் தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும் என்றார். டைரக்டருக்கு முகம் வெளுத்தது, ஆனால் மறுக்க வழியில்லை. கதவு சாத்தப்பட்டது. சற்று நேரத்தில் அதே கதவைத் திறந்து, அக்கவுண்டன்ட் என்னை உள்ளே கூப்பிட்டார். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதுகொண்டிருந்தார். தூங்கியே ரொம்ப நாளாகிறதாம். வீட்டுப் பால்கனிப் பக்கம் போகவே பயமாக இருக்கிறதாம். ஆபீசில் எல்லோருக்கும் தைரியம் சொல்கிற வேலையில் இருப்பவர், இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருந்தாராம்.

அக்கவுண்டன்ட் கோட்டைக் கழற்றினார். "மன்னிச்சிடுங்க சார். நான் டாக்டர் இல்ல, கணக்கு பாக்கறவன். இவங்க படிச்சவங்க, இவங்ககிட்ட சொல்லுங்க" என்றார்.

மேனேஜர் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க மட்டும் நெஜம்னு நான் எப்படி நம்பறது?" என்று கேட்டார்.

பதிலுக்குக் காத்திராமல் எழுந்து போனார். பார்க்கிங் வரை கூடவே ஓடினேன். அரசு மனநல மருத்துவமனைக்கு இப்போதே போகலாம், நானும் வருகிறேன் என்றேன். இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு காரின் கதவைச் சாத்தினார். பிறகு பலமுறை போன் செய்தேன். எடுக்கவே இல்லை.

உள்ளே நடந்ததை டைரக்டர் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருந்தார். அன்றைக்கே அக்கவுண்டன்டுக்கு வேலை போனது. சில நாளில் ஒப்பந்தம் கையெழுத்தாகி வந்தது. டைரக்டர் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். எனக்குப் புரியவில்லை. எல்லாம் போலி என்று தெரிந்த ஒரு மனிதர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? என் முகத்தைப் பார்த்து டைரக்டரே விளக்கினார். "இது போலின்னு சொன்னா, அவருக்கு எப்படித் தெரிஞ்சிதுன்னு ஆபீஸ்ல கேப்பாங்கல்ல? இங்க வந்து அழுதேன்னு சொல்வாரா? அழுதவன் வாயத் தொறக்க மாட்டான் மேடம்." மனித மனத்தைப் பற்றி அந்த ஆள் தெரிந்துவைத்திருந்தது இவ்வளவுதான், அதையும் இதற்குத்தான் பயன்படுத்தினார். மைசூர்பாகை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மேனேஜரின் பேச்சை எடுக்காமல், படிக்காதவர்கள் சிகிச்சை அளிக்கிறார்கள் என்று மட்டும் சுகாதாரத் துறையில் புகார் கொடுத்தேன். பலகை இறங்கியது. அதே இடத்தில் வேறு பலகை ஏறியது: வெல்னஸ் கோச். அதற்குப் பட்டமும் வேண்டாம், கோட்டும் வேண்டாம். இன்று அந்த டைரக்டர் மேடைகளில் குழுவாக இயங்குவதன் அருமையைப் பற்றிப் பேசுகிறார். கைதட்டவும் ஆள் இருக்கிறது, வெட்கக்கேடு. நான் இப்போது ஆஸ்டின் டவுனில் ஒரு சின்ன கிளினிக்கில் இருக்கிறேன். மருத்துவரும் உளவியலாளரும் நர்ஸும் நானும் ஒவ்வொரு நோயாளிக்காகவும் சண்டை போட்டுக்கொள்கிறோம்.

போன மாதம் அங்கே ஓர் இளம்பெண் வந்தாள். எங்கே வேலை என்று கேட்டேன், அதே கம்பெனியின் பெயரைச் சொன்னாள். ஆபீஸ் மூலமாக அந்த வெல்னஸ் கோச்சிடம் போகத்தான் இருந்தாளாம். எச்.ஆர். மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, அங்கே போகாதே, நெஜமான டாக்டர் இருக்கிற இடமாகப் பார்த்துப் போ என்றாராம். காரணம் சொல்லவில்லையாம். அவர் முகமே சரியில்லாததைப் பார்த்து, நீங்களும் யாரையாவது பாருங்களேன் சார் என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

"எனக்கு எதுக்கும்மா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாராம்.