பலகையில் மட்டும் பதிந்த நிமிடங்கள்

முதலில் இடம் மாறியது சிவப்பு வேகன்தான். மாலை டியூட்டி முடிந்து வந்து, டீ டம்ளரோடு பலகை முன்னால் உட்கார்ந்திருந்தேன். சிவப்பு வேகன் நடுத் தண்டவாளத்தில் நின்றது. ஒரு வாய் குடித்துவிட்டுப் பார்த்தால், அது ஓரத் தண்டவாளத்தின் கடைசியில் நிற்கிறது. கையில் இருந்த டீ ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூர் – அரியலூர் சாலையில் ஒரு பள்ளிக்கூடப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. கூச்ச சுபாவம், டீக்கடையில் நின்று நாலு வார்த்தை பேசும் பழக்கம்கூட இல்லை. எனக்கிருந்த ஒரே பொழுதுபோக்கு ஷண்டிங் (ரயில் பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளி வரிசை மாற்றும் வேலை). அரியலூர் ஸ்டேஷனில் சரக்கு வேகன்களை அப்படி மாற்றும்போது நின்று பார்ப்பேன். வெளிநாட்டில் யாரோ ஒருவர் அதையே பலகையில் புதிராக விளையாடுவதைப் போனில் பார்த்த பிறகு, பொம்மை என்ஜினும் வேகன்களும் வரவழைத்து நானும் ஒன்று செய்தேன்.

ஒரு முனையில் அடைபட்டு நிற்கும் மூன்று முட்டுத் தண்டவாளங்கள், ஐந்து நிறத்தில் ஐந்து வேகன்கள், ஒரு என்ஜின். ஒரு குமிழைத் திருப்பினால் என்ஜின் முன்னே போகும், பின்னே வரும். நிறச் சீட்டுகளைக் குலுக்கி மூன்றை எடுக்க வேண்டும். சீட்டு வந்த வரிசையில் மூன்று வேகன்களைச் சேர்த்து நிறுத்த வேண்டும். கையால் தூக்கி வைக்கக் கூடாது. என்ஜின் ஒதுங்கும் இடத்தில் அதோடு இரண்டு வேகன்கள்தான் நிற்கும் என்பதால், ஒன்றை எடுக்க வேறொன்றை எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு வர வேண்டும். ஒவ்வொரு தடவை தள்ளுவதற்கும் வெகுநேரம் யோசிப்பேன். எந்த வேகன் எங்கே நிற்கிறது என்பது மனப்பாடம்.

அது மாறுகிறது என்றால், யாரோ மாற்றுகிறார்கள்.

மனைவி லூர்து மேரியைக் கேட்டேன். "எனக்கு வேற வேலை இல்லையா? அந்த ரூம் பக்கமே நான் வர்றதில்ல" என்றாள். இரண்டாம் முறை கேட்டபோது அவள் முகம் மாறிவிட்டது. நாங்கள் இருப்பது வாடகை வீடு. எங்களுக்கு முன்னால் வெகுநாள் பூட்டிக் கிடந்தது. வரதராஜன்பேட்டையிலிருந்து அவள் தம்பி ஜெபித்த எண்ணெய் கொண்டுவந்து நிலைப்படியில் பூசினான். "பேய்க்கும் பொழுது போவல போலருக்கு மாமா. பஸ்ஸ விட்டுட்டு பொம்ம ரயில ஓட்டுது" என்று சிரித்தான். லூர்து சிரிக்கவில்லை. வேறு வீடு பார்க்கச் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அறையை உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். ஜன்னலைச் சாத்தினேன். வேகன்களை நிறுத்திவிட்டுக் கண்ணெடுக்காமல் காவல் இருந்தேன். வயிற்றிலிருந்து ஏதோ நெஞ்சுக்கு ஏறியது. அது அவ்வப்போது வருவதுதான். வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடிப்பேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, லூர்து கதவை இடிக்கும் சத்தம். ஜன்னல் சந்து வழியாகப் பலகை மேல் விழுந்திருந்த வெயில் இப்போது சுவரில் இருந்தது. ஐந்து வேகன்களும் இடம் மாறியிருந்தன. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

அதிலிருந்து அவள் என்னைத் தனியே விடவில்லை. ஒரு நாள் மாலை போனை நீட்டினாள். "கோவப்படாதீங்க. இதப் பாருங்க" என்றாள்.

அதில் நான் பலகை முன் உட்கார்ந்திருந்தேன். வாய் எதையோ தின்பதுபோலச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது. வலது கை குமிழைத் திருப்பியது. என்ஜின் சிவப்பு வேகனை உள்ளே தள்ளியது, வெளியே இழுத்தது, மறுபடி உள்ளே தள்ளியது. இடது கை பாதை மாற்றும் முள்ளை நகர்த்தியது. நான் விளையாடினால் நடுவில் நிறுத்தி யோசிப்பேன். அதில் இருந்தவர் யோசிக்கவே இல்லை. "என்னங்க, என்னங்க" என்று லூர்துவின் குரல் கேட்டது. அவர் திரும்பி நேராகப் பார்த்தார். என் சட்டை, என் மீசை. முகத்தில் நான் இல்லை.

"பயமாருந்துச்சு" என்றாள் லூர்து. "என்னப் பாத்தீங்க. ஆனா யாரோ வூடு மாறி வந்தவங்களப் பாக்குற மாதிரி பாத்தீங்க."

மறுநாள் பஸ் சாவியைப் பள்ளித் தாளாளரிடம் கொடுத்தேன். திருச்சியில் ஒரு நரம்பு மருத்துவரைப் பார்த்தோம். அவர் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

"இது வலிப்புங்க" என்றார்.

"நான் ஒருநாளும் விழுந்ததில்லயே சார்."

"விழணும்னு இல்ல. மூளையில ஒரு பக்கம் மட்டும் வந்துட்டுப் போயிடும். கண்ணு தொறந்திருக்கும், கை வேலை செய்யும். உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளை வரைந்து காட்டும் சோதனை) முதலில் சரியாகவே வந்தது. எம்.ஆர்.ஐ. (காந்தக் கருவிக்குள் படுக்கவைத்து எடுக்கும் படம்) எடுத்ததில், மூளையில் காதுக்கு மேலே உள்ள பகுதியில் சின்னத் தழும்பு தெரிந்தது. என்னைப் போன்றவர்கள் வீட்டில் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். கூச்சப்படாமல் வீடியோ எடுங்கள். எந்தச் சோதனையையும்விட அதுதான் எனக்கு உதவியது.

கிளம்பும்போது கேட்டேன். "பஸ்ஸுல எத்தனை தடவ வந்திருக்கும் சார்?"

"அத யாரும் சொல்ல முடியாதுங்க. பஸ் மட்டும் இனிமே வேண்டாம்" என்றார்.

பஸ்ஸில் என்னோடு வந்த ஆயாவைப் போய்ப் பார்த்தேன். அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார்.

"ஒருநா ரயில்வே கேட்டு தொறந்தும் நீங்க வண்டிய எடுக்கல. பின்னாடி லாரிக்காரன்லாம் ஆரன் அடிக்கிறான், புள்ளைங்க கத்துது. நீங்க பாட்டுக்கு ஒக்காந்திருக்கீங்க. அப்பறம் எடுத்துட்டீங்க. நீங்கதான் பேசவே மாட்டீங்களே சார், ஏதோ யோசனைன்னு இருந்துட்டேன்."

எனக்கு அந்த நாளே நினைவில் இல்லை. அன்று வண்டி நின்றுகொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்த நாட்கள் எத்தனையோ! சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே, நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, யார் ஓட்டினார்கள்? சாலையில் எதுவும் பதியாது. என் காணாமற்போன நிமிடங்கள் தடம் விட்டது அந்தப் பலகையில் மட்டும்தான்.

மாத்திரை ஆரம்பத்தில் ஆளைச் சாய்த்தது. பகலெல்லாம் தூக்கம், நடந்தால் தள்ளாட்டம், சின்னச் சொல்கூட நாக்கில் வர நேரமாகும். இரண்டு மூன்று வாரத்தில் உடம்பு பழகிவிடும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வேகன்கள் விட்ட இடத்திலேயே நின்றன. பள்ளியில் எனக்குக் கேட் வேலை கொடுத்தார்கள்.

வீட்டில் ஒன்று மட்டும் மாறியது. வாழ்நாள் முழுக்க நான் பேசாமல் சும்மா இருந்தவன். இப்போது நான் சும்மா இருந்தால் அது நோயின் அறிகுறி. சமையல் கட்டிலிருந்து லூர்து, "இருக்கீங்களா?" என்பாள். "இருக்கேன்" என்பேன்.

பல மாதம் எதுவும் வரவில்லை. ஒருநாள் தாளாளர் கூப்பிட்டார். "நல்லாத்தான இருக்கீங்க? டிரைவரே கெடைக்கல. திங்கக்கெழம வண்டிய எடுத்துடுங்க. டாக்டர்ட்ட கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாரு. யாருக்குத் தெரியப்போவுது?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். உண்மையைச் சொன்னால், எனக்கு ஆசையாக இருந்தது. கேட்டில் நின்று, வேறொருவர் என் வண்டியைத் திருப்புவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவன்.

அன்று மாலை முருங்கைக்கீரை உருவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லூர்து கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். "இருக்கீங்களா?" என்றாள். "இருக்கேன்" என்றேன்.

துணியோடு உள்ளே வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள். "ஏங்க, மூணு தடவ கேட்டேன். மூணு தடவையும் ஒரே மாதிரி இழுத்து 'இருக்கேன்'னீங்க. வெளையாடுறீங்களா?"

நான் ஒரு தடவைதான் சொன்னேன். குனிந்து பார்த்தேன். இரண்டு கொத்து உருவியதுதான் நினைவு. முறத்தில் கட்டுக் கீரை முழுதும் உருவி முடிந்திருந்தது. குச்சி ஒரு பக்கம், இலை ஒரு பக்கம், சுத்தமாக.

கையைக் கழுவிவிட்டுத் தாளாளருக்குப் போன் போட்டேன். "வரல சார்" என்றேன். காரணம் கேட்டார். "அது வண்டியும் ஓட்டும் சார்" என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது.

மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார். அதன்பின் வரவில்லை என்று லூர்து சொல்கிறாள். என் நாளில் எவ்வளவு நேரம் நான் இருந்தேன் என்பதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். இந்தக் கை என்னுடையதுதான். ஆனால் அது செய்து முடித்ததைப் பார்க்கும்போது, யாரோ செய்துவைத்த வேலையைப் பார்ப்பது போல ஒரு கணம் நிற்கிறேன்.

'இருக்கேன்' என்ற சொல்லை எங்கள் வீட்டில் இப்போது நம்புவதில்லை. லூர்து ஒவ்வொரு தடவையும் வேறு ஏதாவது கேட்கிறாள். காலையில் என்ன சாப்பிட்டோம், இன்றைக்கு யார் வந்தார்கள், அவள் என்ன நிறப் புடவை. நான் விவரமாகப் பதில் சொல்கிறேன். இவ்வளவு நான் யாரிடமும் பேசியதில்லை. சொல்லி முடித்ததும், சொன்னது என் குரல்தானா என்று சற்று நேரம் கேட்டபடி இருக்கிறேன்.